கண்ணாடி அலமாரியில் இருக்கும் பந்து

ஆவணி, கடைசி வெள்ளிக்கிழமை. இரவு.

கோபம் இன்னும் ஆறவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆட இருந்ததே ஒரு பந்து. போன வாரம் அதுவும் வெடித்துவிட்டது. புதுப் பந்து சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டுமாம். நாளைக்கு மாட்ச். தினமும் ஆபீஸ் விட்டதும் நான் ஓடிப்போய்ப் பயிற்சி கொடுக்கும் பையன்கள் ஆறு நாளாக வெறுங்கையோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு கேப்டன் நிருபேனையும் கூட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டர் பாபுவிடம் போனேன். அவர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பந்து இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் கேடயம் ஜெயித்த பந்து என்று அதற்கு மாலை, குங்குமம் எல்லாம் உண்டு. "ஒரு மணி நேரம் கொடுங்கள், போதும்" என்றேன்.

"அந்த டீமில் ஆடினவன், நீயா இதைக் கேட்கிறாய்? அது நம் பள்ளிக்கூடத்தின் மானம்!" என்று கத்தினார்.

மானமாம்! ஜெயித்த பந்து அன்று சாயங்காலமே என் கையிலிருந்து நழுவி டிராமுக்கு அடியில் போய் நசுங்கிவிட்டது. உதைக்குப் பயந்து, ஏதோ ஒரு பழைய பந்தைத் துடைத்து அலமாரியில் வைத்தவன் நான்தான். இன்றைக்கு அதைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நிருபேன் கண்ணை மூடி அந்தப் பந்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். "விடுங்கள் மணி அண்ணா, அதைத் தொட்டால் பாவம்" என்றான்.

அவனை அறையலாம் போல இருந்தது. அறைய வேண்டியது அவனையா?

நாளைக்கு மாட்சுக்குப் புறப்படும் முன் ஐந்து பேரும் அதன் முன்னால் வரிசையாக நிற்பார்கள். நானும் கைகூப்பி நிற்கவேண்டும்.