கிணற்றுத் தண்ணீர் சிவந்த அன்று

மைனி, அன்றைக்குக் கிணற்றடியில் இருந்தவர்கள் நாலு பேர். நீங்கள், நான், உங்கள் வீட்டுக்காரரான என் அண்ணன் சுயம்பு, லீவுக்கு வந்திருந்த என் பேத்தி அபி. வேறு ஒருவரும் இல்லை. இருந்ததாக யாராவது சொன்னால் பொய்.

இன்று காலையில் மீன் தொட்டித் தண்ணீரைச் சோதிக்க அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயைக் கழுவினேன். உங்கள் வளையல் இடித்து உடைந்த விளிம்பு விரலில் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அபி கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது தன் தங்கமீனை நம் இருவரிடமும் விட்டுப் போனாள். தண்ணீர் மாற்றுவது என் வேலை, தீனி போடுவது உங்கள் வேலை. அவள் திரும்பி வந்து பார்த்தால் மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு தொட்டிக்கு அடியில் கிடக்கிறது. நாகர்கோவிலில் வாங்கி வந்த இரண்டு குப்பிச் சொட்டு மருந்தைக் குழாயில் விட்டுப் பார்த்தாள். மஞ்சளாக இருக்கவேண்டிய தண்ணீர் சிவந்தது. மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் சேர்ந்து நைட்ரேட் என்ற உப்பாகிவிடுமாம். அது ஏறினால் மீன் தாங்காதாம்.

தீனி என்றதும் நான் உங்களைப் பிடித்துக்கொண்டேன். பச்சைப்பிள்ளைக்கு ஊட்டுவதுபோல ஊட்டி மீனைக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்றேன். நீங்கள் தீனி டப்பாவை என் மடியில் வைத்தீர்கள். நான் தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் நிறைக்கப் போனபோதுதான் கையைப் பிடித்தீர்கள்.

"ஏட்டி தங்கம், இத்தனை நாளு கெட்ட தண்ணியில கெடந்த சீவனாக்கும். ஒண்ணா மாத்தினா அந்த அதிர்ச்சியிலயே போயிரும். தெனமும் கால்வாசி மாத்து, போதும்."

பத்து நாள் கிணற்றில் தண்ணீர் கோரி மாற்றினேன். தீனியும் ஒரு நுள்ளுதான். சிவப்பு குறையவே இல்லை. நீங்கள் எனக்குத் தெரியாமல் தீனி போடுகிறீர்கள் என்று பத்து நாளும் ஏசினேன். அண்ணன் வாழைநார் கிழித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பதினோராம் நாள் நீங்கள் கிணற்றுத் தண்ணீரையே குழாயில் பிடித்தீர்கள். நெய்யூர் ஆசுபத்திரி லேப்பில் முப்பது வருஷம் குழாய் கழுவிய கை அல்லவா. "முன்ன மூத்திரம், இப்போ மீன் தண்ணி, நம்ம தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் மருந்துக் குப்பியை வளையல் குலுங்கக் குலுக்கிச் சொட்டு விட்டீர்கள். கொஞ்ச நேரம்தான். மீனே இறங்காத தண்ணீர், தொட்டித் தண்ணீரைப் போலவே சிவந்தது.

அபி கிணற்றைப் பார்த்தாள். கிணற்றைச் சுற்றி நின்ற வாழையைப் பார்த்தாள். "தாத்தா, வாழைக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டாள்.

"யூரியா போடாம பின்ன வாழை எப்பிடிக் குலை தள்ளும்?" என்றான் அண்ணன், தலை நிமிராமல்.

அந்த வருஷம்தான் அவன் சாணி உரத்தை விட்டுவிட்டுக் கைநிறைய யூரியா வாரி எறிந்தான். அத்தனையும் மண்ணில் அதே உப்பாகிக் கிணற்றில் ஊறி, என் கையாலேயே தொட்டிக்குள் போயிருக்கிறது. காய்ச்சினால் போகுமா என்று அபியிடம் கேட்டேன். காய்ச்சினால் தண்ணீர் வற்றும், உப்பு இன்னும் கூடும் என்றாள். மீனுக்குக் கஷாயம் வைக்கப் பார்த்தாயா என்று கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில், கிணற்றடித் துலாக்கல்லில் நீங்களே உட்கார வேண்டியதாயிற்று. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பத்து நாள் ஏசிய வாய்க்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

அன்று முதல் அந்தக் கிணற்றில் குடிக்கவும் எடுப்பதில்லை. அணைத் தண்ணீர் வருகிற பைப்பில் பிடித்து, அண்டாவில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் மருந்து வாடை போனபிறகு கால்வாசி மாற்றினோம். கல்லுக்கு அடியில் இருந்த அழுக்கை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்தோம். ஃபில்டர் பஞ்சில் இருக்கும் நல்ல கிருமி சாகாமலிருக்க, அதைப் பைப்பில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினோம். மணிப்பிளாண்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் நனையக் கட்டிவிட்டோம், உப்பை அது தின்னும் என்று. சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாக மூன்று வாரம் ஆயிற்று. மஞ்சளான அன்று மீன் மேலே வந்து உங்கள் விரலைக் கொத்தியது. நீங்கள் விரலை எடுக்கவே இல்லை.

போன ஐப்பசியில் நீங்கள் போனீர்கள். மீன் இருக்கிறது, உள்ளங்கை அளவு வளர்ந்துவிட்டது. இப்போது தீனியும் நான்தான் போடுகிறேன். நீங்கள் போட்ட அதே அளவுதான், மைனி. அது அதிகமே இல்லை. இதை நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்கவேண்டும்.

நான் ஏசியதை நீங்கள் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அண்ணனுக்கும் அன்று சாயங்காலமே வழக்கம்போலச் சாயா போட்டுக் கொடுத்தீர்கள். உங்கள் மனசு எனக்குக் கிடையாது. யூரியா போட்டதைக்கூட விட்டுவிடுவேன். தான் கிணற்றடியில் எதைக் கொட்டினோம் என்று தெரிந்திருந்தும், பத்து நாள் தன் பெண்டாட்டி பேச்சு வாங்குவதைப் பார்த்து, வாய் திறக்காமல் நார் கிழித்தானே, அதை மட்டும் விடமாட்டேன். என் கூடப்பிறந்தவன், சுயம்பு.