கைதட்டிக் கூப்பிட்டவளுக்கு

அம்மா,

உன் பேரனுக்கு இன்று காலையில் வசம்பு சுட்டார்கள். விளக்கில் காட்டிக் கருக்கி, தாய்ப்பாலில் உரசி நாக்கில் தடவினாள் உன் மருமகள். அந்தக் காரவாசனை வீடு முழுக்கச் சுற்றி நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் வந்தது. பிள்ளை இருக்கிற வீட்டில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்பாய். ‘பேர் சொல்லாதது’ என்றுதான் கேட்டு வாங்குவாய். அப்படிப் பார்த்தால் உன் வீட்டில் பேர் சொல்லாதவை இரண்டு இருந்தன. அஞ்சறைப் பெட்டியில் அது ஒன்று, நடுவீட்டில் நான் ஒன்று.

தாத்தா தன் பெயரையே எனக்கு வைத்தார். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் உள்ளதுதான். அதனால் மற்ற வீடுகளில் தாய்க்காரி கூப்பிடுவதற்கென்று ராசு, துரை என்று இன்னொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். நீயும் அய்யாவை விட்டு அவர் அப்பாவிடம் கேட்கச் சொன்னாயாம். தாத்தா சோற்றில் கை வைத்தபடியே சொன்னாராம்: “எம் பேரு இருக்கையில இன்னொரு பேரு எதுக்கு? ரெண்டு பேரு பொழங்குனா எம் பேரு மங்கிப் போகும்.” அய்யா அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவர் எதற்குத்தான் திறந்தார்.

ராமநாதன். இந்தச் சீமையில் பிறந்த ஒருத்திக்கு இதைவிடக் கொடுமையான மாமனார் பெயர் வாய்க்காது. தீவில் இருக்கிற சாமியின் பெயர் அது. ஜில்லாவின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. நீ சாமியைப் பெயர் சொல்லிக் கும்பிட்டதில்லை; ‘தீவுச் சாமி’ என்பாய். ராமநாதபுரம் போக உச்சிப்புளி ஸ்டேஷனில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, “அரமனையூருக்கு ஒரு டிக்கெட்டு” என்று கேட்பாய். டிக்கெட் கொடுப்பவர் சிரிப்பார். “மாமனார் பேராக்கும்?” என்பார். நீ தலையைக் குனிந்துகொள்வாய்.

வெள்ளைக்காரன் போன வருஷம் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாய். அய்யா மிளகாய்க் காட்டில் இருந்தார். பெரிய வாத்தியார், “பையன் பேரு என்னம்மா?” என்று கேட்டார். தீவு இருக்கிற திசையைக் கையால் காட்டி, “அங்கன இருக்கிற சாமி பேருங்கய்யா” என்றாய். அவர் வெளியூர்க்காரர். அவருக்கு விளங்கவில்லை. “பெத்த பிள்ளை பேரு கூடவா தெரியாது?” என்று சத்தம் போட்டார். உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. கடைசியில் நான்தான் சொன்னேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உன் கையைப் பிடிக்காமல் நடந்தேன். என் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்த வயது அது.

பொழுது சாய்ந்தால் தெருவில் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு பெயர் கிளம்பும். விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தங்கள் பெயர் கேட்டுக் கலைவார்கள். நம் வாசலிலிருந்து மட்டும் கைதட்டல் வரும். கோழியை விரட்டுகிறாய் என்று பையன்கள் கேலி செய்வார்கள். பக்கத்தில் இருந்தால் “ஏலே.” கோபம் வந்தால் “இந்தா, உன்னையத்தான்.” கொஞ்சும்போது தலையைத் தடவுவாய், சத்தமே வராது.

தாத்தா செத்துக் கருமாதி முடிந்த மறுநாள் உன்னிடம் கேட்டேன். எனக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. “அதான் போயிட்டாரே, இனிமேயாச்சும் பேரு சொல்லிக் கூப்பிடும்மா.” நீ சுவரில் மாட்டியிருந்த அவர் துண்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: “செத்தவுகளுக்குக் காது இன்னும் நல்லாக் கேக்கும்டா.” எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துண்டை எடுத்து அடுப்பில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நானும் அய்யாவின் மகன்தானே.

அப்புறம் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாய். சூடு தலைக்கேறி யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஒரு மத்தியானம் திடீரென்று கூப்பிட ஆரம்பித்தாய். “முகிலா… ஏலே முகிலா… இங்கன வாடா.” அப்படி வாய்விட்டு, தொண்டை திறந்து நீ யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காட்டின் அந்தக் கோடியில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரல். பக்கத்துக் கட்டில்காரி, “உங்க கூடப் பிறந்தவராப்பா? வரச் சொல்லி ஆள் விடுங்க” என்றாள். எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை என்றேன்.

குனிந்து உன் காதருகே கேட்டேன்: “யாரும்மா அது?” நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, மறுபடியும் “முகிலா” என்றாய். நினைவு தப்பிவிட்டது என்று பயந்து, உனக்கு உறைக்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்: “நான்தாம்மா. உன் மகன் ராமநாதன்.”

உன் சிரிப்பு அப்படியே நின்றது. கை முந்தானையைத் தேடியது. இழுத்துத் தலையை மூடிக்கொண்டாய். எழுந்து ஒதுங்கி நிற்கப் பார்த்தாய், உடம்பில் தெம்பில்லை. பிடித்துப் படுக்கவைத்தேன். முக்காட்டை மட்டும் விடவே இல்லை. அதன் பிறகு நீ யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் விடிந்தபோது போய்விட்டாய்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, ஏனம் கழுவிக்கொண்டிருந்த உன் தங்கை, சின்னம்மாவிடம்தான் கேட்டேன். “முகிலன்னு யாரு, சின்னம்மா?” அவள் கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

“நீதான்டா அது. நீ வயித்துல இருக்கையில ரெண்டு பேரும் மொளகாப் பழம் எடுக்கப் போவோம். ஊருல யாருக்கும் இல்லாத பேரா வைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. ஒரு பேரு தோணுச்சுன்னா என்னையக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஓடச் சொல்லுவா. இவ இங்கன நின்னு கூப்பிடுவா. எனக்குக் கேட்டா நல்ல பேரு.”

என்னென்ன பெயர் என்று கேட்டேன். கதிரவன் என்றாயாம் முதலில். இந்த ஊருக்கு ஏற்கெனவே காய்கிற வெயில் போதாதா என்று நீயே தள்ளிவிட்டாயாம். அமுதன் என்பது காற்றில் பாதி கரைந்துபோனதாம். இளவரசு என்றதும் இரண்டு பேரும் சிரித்ததில் கூடை கவிழ்ந்ததாம். கடைசியில் முகிலன். நாலாம் வகுப்புப் பாடத்தில் படித்த சொல்லாம் உனக்கு. கூப்பிட்டதும் அந்தக் கோடியில் தெளிவாகக் கேட்டதாம். “மழை இல்லாத ஊருல மேகத்தைப் பேரு சொல்லிக் கூப்பிட்டா வரத்தானேடி செய்யும்” என்றாயாம்.

யாருமில்லாத நேரத்தில் ஒரு தடவையாவது என் காதில் சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா? இதைச் சின்னம்மாவிடமும் கேட்டேன். “சொல்லிப் பழகிட்டா அவுக முன்னால நாக்குத் தவறி வந்துரும்னு பயந்தாடா” என்றாள். உன் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு கிழவனுக்குப் பயந்து என் பெயரை உன்னோடேயே வைத்துக்கொண்டாய். அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அய்யா தாத்தாவாகிவிட்டார். போன வாரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்தபடி, “பிள்ளைக்கு எம் பேர வச்சிருங்க. அதான் முறை” என்றார். உன் மருமகள் உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை சட்டென்று நின்றதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் முக்காட்டை இழுத்த கை எனக்கு ஞாபகம் வந்தது.

“முடியாதுய்யா” என்றேன். வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன முதல் முடியாது.

“அப்ப எம் பேரு எங்கலே போகும்?”

“உங்க அப்பா பேரு எங்கிட்ட இருக்கே. ஒரு பிரயோசனமும் இல்ல. வேணும்னா அதைத் திருப்பி எடுத்துக்கங்க.”

அன்றிலிருந்து அவர் நம் வீட்டில் சாப்பிடுவதில்லை. தம்பி முறைக்காரர் வீட்டில் சாப்பிடுகிறார். சாப்பிடட்டும்.

உன் மருமகள், “அப்ப முகிலன்னே வச்சிருவோமா? அத்தை ஆசைப்பட்ட பேரு” என்று கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. “அது என் பேரு. அதை யாருக்கும் தர மாட்டேன்” என்றேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. இப்போது தன் தங்கையோடு உட்கார்ந்து தினம் ஒரு பெயர் பார்க்கிறாள். எதுவாக இருந்தாலும் அவள் வாயால் கூப்பிடுகிற பெயராக இருக்கும்.

எனக்கென்று மிச்சம் இருப்பது உன் கைதட்டல்தான். சந்தையிலோ, ரயிலடியிலோ, கோயிலிலோ யார் கை தட்டினாலும் இன்றும் திரும்பிவிடுகிறேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பத் தெரியுமா என்று தெரியவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்திதான் கூப்பிட்டாள். யாரும்மா அது என்று கேட்டேன்.