பல்பொடி லேபிளில் என் முகம்

போன வாரம் கடைவாய்ப் பல் வலி என்று தர்மபுரிக்குப் போனேன். டாக்டர் பஞ்சில் கிராம்பு எண்ணெய் தொட்டு வைத்தார். அந்த வாசம் மூக்கில் ஏறினதும் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாயுடைய பல்பொடி வாசம்தான் அது. நம் வீடு முழுக்க எத்தனை நாள் அடித்தது.

நமக்குக் கல்யாணமான புதுசு. எண்பத்து மூணோ நாலோ. நீங்கள் தொப்பூர் ரோட்டு லாரி ஷெட்டில் நம்பரும் பூவும் எழுதிக்கொண்டிருந்தீர்கள். மனசெல்லாம் லேபிளில். கடைக்கு அனுப்பினால் சாமான் வாங்காமல் தீப்பெட்டியையும் சோப்பு உறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். "இதையெல்லாம் ஒருத்தன் உக்காந்து வரைஞ்சிருக்கான் புள்ள. அவன் பேரு எங்கயாச்சும் இருக்குதா பாரு" என்பீர்கள்.

அப்போதுதான் ஊதுபத்தி வியாபாரம் செய்கிற பாய் வந்தார். புதுசாகப் பல்பொடி போடுகிறார், பாக்கெட்டுக்கு ஒரு பெண்ணின் படம் வேண்டும். அது பிடித்துவிட்டால் அவருடைய ஊதுபத்தி, சீயக்காய் லேபிள் எல்லாமே உங்களுக்குத்தான். லாரி ஷெட்டுக்குப் போகவே வேண்டாம்.

படத்துக்கு என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தீர்கள். எனக்குத் தெத்துப்பல். சின்ன வயசிலிருந்தே சிரிப்பு வந்தால் கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொள்ளும். நீங்கள் ஷெட் மேஸ்திரி மாதிரி பேசிக் காட்டிப் பேசிக் காட்டி, என் கையை மறக்கடித்து, அந்தச் சிரிப்பை அப்படியே வரைந்துவிட்டீர்கள். தெத்துப்பல்லோடு.

பாய் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாவம், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தாடியைத் தடவினார்.

"படம் ஜோரா இருக்குது தம்பி. ஆனா பல்பொடிக்கு இந்தப் பல்லைப் போட்டா, இந்தப் பொடி தேச்சுத்தான் இப்படி ஆச்சுன்னு ஜனங்க சொல்லுமே."

எனக்கு அடுப்படிக்குள் ஓடி ஒளிந்துகொள்ளத் தோன்றியது. அவர் போனதும், பல்லை நேராகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று உங்களிடம் கெஞ்சினேன். என் பல்லால் உங்கள் ஆசை போகிறதே என்று அழுகையே வந்துவிட்டது. நீங்களும் நேராகப் போட்டுப் பார்த்தீர்கள். தள்ளி வைத்துப் பார்த்தீர்கள். "இது யாரோ புள்ள" என்று கிழித்துப் போட்டீர்கள்.

மறுபடி பாய் வந்தபோது நீங்கள் நீட்டின படத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரல் வாயோரம். கன்னம் ரெண்டும் உப்பலாக.

"என்ன தம்பி, பல்லையே காணோம்?"

"வாய்ல பொடி இருக்குதுங்க பாய். இன்னும் கொப்புளிக்கல."

பாய் சிரித்த சிரிப்பில் தலைத் தொப்பி நழுவிவிட்டது. அந்த லேபிள்தான் அச்சானது. பாப்பாரப்பட்டிச் சந்தையில் என்னைப் போல எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண்கள் "உப்புன கன்னத்துப் பொடி குடுங்க" என்று கேட்டு வாங்கினதை என் காதாலேயே கேட்டேன். பக்கத்தில் நிற்பது யார் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. நீங்கள் அப்புறம் ஷெட்டுப் பக்கம் வேலைக்குப் போகவே இல்லை.

பல்லை நேராகப் போட்ட படத்தை ஏன் கிழித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னீர்கள்: "அந்தப் பல்லு வியாபாரத்துக்கு இல்ல புள்ள. அது வூட்டுக்கு."

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பழைய ஷெட் ஆட்கள் வந்திருந்தார்கள். லாரி முகப்பில் நீங்கள் வரைந்த கண்ணைப் பார்த்துப் பயந்து, டிரைவர் ஒருத்தர் துண்டால் அதை மூடிக் கட்டிவிட்டுத்தான் படுப்பாராம். அதை அவர்கள் சொன்னதும் எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. உங்கள் படத்தில் மாலை தொங்குகிறது, வீடு நிறைய ஆட்கள். சின்னம்மா முறையில் ஒருத்தர், "ஏம்மா, இன்னிக்கா சிரிக்கிறது?" என்று முனகினார்கள்.

கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. கை மட்டும் மடியிலேயே கிடந்தது. இப்போதெல்லாம் அது மேலே வருவதில்லைங்க.