வராத புயலுக்கு இறக்கிய மூட்டைகள்

என் தங்கத் தம்பி ஏழுமலைக்கு, அக்கா எழுதிக்கொள்வது.

அங்கேயாவது உனக்கு டவர் ஒழுங்காகக் கிடைக்கிறதா? இங்கே ஐப்பசி முடியப் போகிறது. அந்தமானுக்குக் கிழக்கேயிருந்து, புயலாக மாறக்கூடிய காற்றலைகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்துவிட்டன. நீ பார்த்த அதே சேட்டிலைட் படத்தை, நீ சார்ஜில் போட்டுவிட்டுப் போன அதே செல்போனில் இப்போது நான் பார்க்கிறேன். உலை வைத்துவிட்டு ஒரு தரம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஒரு தரம். கண் போய்விடும் என்று உன் மாமா திட்டுகிறார். போனால் போகட்டும்.

பருவம் தொடங்கும்போது வருவது முக்கால்வாசி ஒன்றும் ஆகாது என்று நீதானே சொல்வாய். "மேகம் கூடும், சுத்தும், ரெண்டாம் நாளு கலஞ்சிடும். ஆனா ஒண்ணையும் பாக்காம வுட்றக் கூடாதுக்கா." அப்படி ஒன்று விடாமல் பார்த்து, ஒன்று விடாமல் ஊருக்குச் சொன்னாய். கலைந்தவற்றை எண்ணி ஊர் உனக்குப் 'புயலு' என்று பேர் வைத்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நீ வைத்திருந்த ரீசார்ஜ் கடையில்கூட, 'புயலு, நூத்தம்பதுக்குப் போடு' என்றுதான் கேட்டார்கள். நீயும் சிரித்துக்கொண்டே போட்டாய். எனக்கு அப்போதே எரியும்.

தனகோட்டி மாமாவைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர் ஏரிக்குக் கீழே அதிக நிலம் வைத்திருப்பவர், முறைக்கு நமக்கு மாமா. இந்த வரியோடு அந்த மரியாதை முடிந்தது. இனி அவன்தான்.

ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர், கரையைவிடத் தாழ்ந்த கல்சுவரான கோடி வழியாகப் போக வேண்டும். அதற்குத்தான் கோடி கட்டியிருக்கிறார்கள். அதன் மேல் மணல் மூட்டை அடுக்கி, இரண்டடித் தண்ணீரைக் கூடுதலாக நிறுத்தி, சித்திரையிலும் ஒரு போகம் எடுத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. அந்தப் பெரும் புயல் வந்த வருஷம் கார்த்திகையில் மூன்று நாள் அவன் வாசலுக்கு நடந்தாய். இது கலையாது, கடற்கரையைக் கடந்தும் நகராமல் நிற்கும், மூட்டையை எடுங்கள் என்று கெஞ்சினாய். அவன் என்ன சொன்னான் என்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"கடலு எங்க இருக்குது, செஞ்சி எங்க இருக்குது? ஒம் புயலு போன மாசமும்தான் வந்துச்சி. கட்டன துணி காயறதுக்குக்கூட காத்து இல்ல."

புயல் வந்தது. வந்து நம் தலைக்கு மேலேயே நின்றது. கோட்டை மலைப் பாறையில் விழுந்த மழையெல்லாம் ஏரிக்கு இறங்கியது. விடிந்தும் விடியாமல் நீ கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாய். ஏன்டா என்னைக் கூப்பிடவில்லை? இரண்டு பேராக இழுத்திருந்தால் முடித்திருக்க மாட்டோமா?

கோடியை ஒட்டிய கரை உன்னோடு சேர்ந்து போயிற்று. மேல்சித்தாமூர் ரோட்டு மதகடியில் உன்னை எடுத்தார்கள். நம் வீட்டுக் கடப்பாரை, மிச்சமிருந்த ஒரு மூட்டையில் குத்தியபடியே நின்றது. அதைத் தன் கண்ணால் பார்த்தவன் தனகோட்டி. பார்த்துவிட்டு, விசாரிக்க வந்த அதிகாரியிடம் என் எதிரிலேயே சொன்னான்: "புயல் பைத்தியம் சார் அது. வேடிக்கை பாக்கப் போயி வுழுந்துட்டான்."

நீ செத்ததைக்கூட ஒருவேளை ஆற்றிக்கொண்டிருப்பேன். வேடிக்கை என்ற அந்த ஒரு சொல்லை என்னால் ஆற்ற முடியவில்லை.

உடைந்த கரையைக் கட்டினார்கள். இந்த வருஷம் புரட்டாசி மழைக்கே ஏரி நிறைந்துவிட்டது. மறுநாளே கோடி மேல் மூட்டை ஏறிவிட்டது. அடுக்கியவன் அவனேதான். வெள்ளத்தில் இரண்டு மாடும் போர்செட்டும் போனவனுக்கு ஆசையும் விடவில்லை, பயமும் விடவில்லை. போன வாரம் முதல் அலை அந்தமானைத் தாண்டியதும் நேராக என்னிடம் வந்தான். ஊரில் இப்போது அதைப் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

"ஏம்மா, இது வருமா?"

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். உன் மூன்று நாளை அப்படியே அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன். சோறு இறங்கவில்லையாம், அவன் பெண்டாட்டி வந்து அழுதாள். எனக்கு நன்றாகப் பசித்தது.

நான்காம் நாள், ஏரி நிறைந்ததற்கு ஊர் வைக்கும் கோடிப் பூஜை. பொங்கல் பொங்கி, கிடா வெட்டி ஊரே கரையில் நின்றது. கூட்டத்துக்கு நடுவில் மறுபடி கேட்டான். வரும் என்றேன். போன தரம் மாதிரியே நிற்கும் என்றேன். அவன் அப்போதே மூட்டையை எடுக்க ஆட்களைக் கூப்பிட்டான்.

"மூட்டைய எடுக்கறதுக்கு மின்னாடி ஒண்ணு சொல்லு மாமா. எந்தம்பி வேடிக்கை பாக்கப் போனானா, மூட்டைய இழுக்கப் போனானா?"

 எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "மூட்டைய இழுக்கத்தான் போனான். நாம்பாத்தேன்."

புடவையில் சுற்றிக் கொண்டுபோயிருந்த நம் கடப்பாரையை அவன் கையில் கொடுத்தேன். யாரையும் உதவிக்கு விடவில்லை. எல்லா மூட்டையையும் அவனே குத்தி இழுத்தான். இரண்டடித் தண்ணீரும் அவன் கண்ணெதிரே ஓடையில் போயிற்று. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்?

இனிமேல்தான் விஷயம். அன்று காலையிலேயே நான் படத்தைப் பார்த்துவிட்டேன். மேல்காற்று அடித்து மேகமெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, நடுவில் சுழி மட்டும் மொட்டையாக நின்றது. நீ சொல்லிக்கொடுத்த அடையாளம்தான். அது கலையப் போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வரும் என்றேன். ஒரு தூறல்கூட விழவில்லை. சித்திரையில் இன்னும் நாலு பேர் வயலும் காயும், அதுவும் தெரியும். மூட்டையை இறக்கியது நியாயம், நான் சொன்னது பொய். உனக்குக் கோபமா? நீயாக இருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டாய். அதனால்தான் உன்னைப் பைத்தியம் என்றார்கள்.

அடுத்த வாரம் உன் நினைவு நாள். மற்றவர்கள் போட்டோவும் பூவும் போட்டுப் போஸ்டர் அடிப்பார்கள். நான் இந்தக் கடிதத்தை அப்படியே அடித்து, தனகோட்டி வீட்டு எதிர்ச்சுவரில் என் கையால் ஒட்டப் போகிறேன். இதைப் படிக்கும்போதுதான் அவனுக்கு விஷயம் தெரியும். இனி ஒவ்வொரு அலைக்கும் அவன் என்னிடம் வந்துதான் ஆகவேண்டும். நான் சொல்வது மெய்யா பொய்யா என்று சாகிறவரை அவனுக்குத் தெரியாது. தெரியாதவன் கோடி மேல் மூட்டை வைக்க மாட்டான்.

வைத்தால் கடப்பாரை என்னிடம்தான் இருக்கிறது. நான் இருக்கிறவரை அந்தக் கோடியில் ஒரு மூட்டை ஏறாது. இது உன்மேல் சத்தியம்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்,
உன் அக்கா அஞ்சலை