வட்டமாக் கடிக்கிற புழு

அண்ணனுக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்றேன்.

அதிகாரி யாரும் வராம, விவசாயிங்க நாமளே ஒருத்தர் வயல ஒருத்தர் பார்த்து 'நஞ்சில்லா விளைச்சல்'னு முத்திரை குடுக்கிற குழு நம்மளோடது. போன தடவை என் கீரையப் பார்த்துட்டு என்ன சொன்ன? "இலையில ஒரு ஓட்டை கூட இல்ல, மருந்து அடிச்சிருக்கா. காலேஜையே பாதியில விட்டவ, உட்கார்ந்து புழு பொறுக்குவாளாக்கும்!" நீ சிரிச்ச, கூடவே எல்லாரும் சிரிச்சாங்க. முத்திரை போச்சு, கடைக்காரர் வாங்குறதையே நிறுத்திட்டார். வலை கட்டி, கையாலதான்டா பொறுக்கினேன்.

நாளைக்கு உன் வயலப் பார்க்கிற முறை என்னோடது.

நேத்து வரப்புல நின்னு பார்த்தேன். உன் கீரையில இலைக்கு இலை ஓட்டை, எல்லாம் ஒரே அளவு, அச்சுல வார்த்த வட்டம். மருந்தையும் அடிச்சுட்டு, புழு கடிச்ச மாதிரி, பேப்பர்ல ஓட்டை போடுற பஞ்சிங் மிஷினால குத்தியிருக்க. அண்ணியும் கூட உட்கார்ந்து குத்தினாங்களா?

நான் ஒண்ணும் பேச மாட்டேன். ஆளுக்கொரு இலையைப் பறிச்சுக் குடுத்துட்டு, நீ சிரிச்ச மாதிரியே சிரிப்பேன்.

அந்த மிஷினை மட்டும் எனக்கு எடுத்து வை. உன் வீட்டுல நான் விட்டுட்டு வந்த காலேஜ் பையில இருந்ததுதானே அது.

இப்படிக்கு,
எதையும் பாதியில விடாத தங்கச்சி