முந்திரி கேக் வடிவத்தில் ஒரு முத்திரை

அன்புள்ள மன்னி,

இன்று காலை அந்த வெள்ளி ஜக்கைத் துடைக்க உட்கார்ந்தேன். பழைய வேட்டித் துணியில் விபூதியைத் தொட்டுத் தேய்த்ததும் ஒரு வாசனை கிளம்பியது. கூடவே உங்கள் குரலும் வந்துவிட்டது. "மெள்ளடி, அதுக்கு வலிக்கும்."

ராயப்பேட்டை ஏலக்கூடத்தில் அதை வாங்கிய ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளின் தொடக்கம். பீரோவுக்கும் மின்விசிறிக்கும் வந்திருந்த ஆண்களுக்கு நடுவே, பூதக்கண்ணாடியும் கையுமாக நாம் இரண்டு பேர். ஏலக்காரர் பொறுமை இழந்து, "இன்னாம்மா, பாலு ஊத்துற சொம்புக்கா இம்மா நேரம் பாக்குறீங்க?" என்று கத்தினார். நீங்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

மன்னியும் நாத்தனாரும் பாதிப் பாதி போட்டு ஒரு பொருள் வாங்கியதைக் கேட்டு அண்ணா சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. ஒரு மாதம் மயிலாப்பூரில் உங்கள் அலமாரி, மறு மாதம் அடையாறில் என் அலமாரி என்று ஏற்பாடு. ஜக்கைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வருவேன்.

அதன் அடியில் நான்கு முத்திரைகள் இருந்தன. நூலகத்துப் புத்தகத்தின் ஜெராக்ஸ் தாள்களை விரித்துக்கொண்டு மூன்றைப் படித்துவிட்டோம். நடக்கிற சிங்கம் என்றால் சுத்த வெள்ளி. சிறுத்தைத் தலை என்றால் லண்டன். ஒற்றை எழுத்து செய்த ஆண்டைச் சொல்லும். நான்காவது, செய்த தட்டாரின் முத்திரை. எழுத்துகள் தேய்ந்து போய், சுற்றியிருந்த கட்டம் மட்டும்தான் மங்கலாகத் தெரிந்தது. கணவன் போன பிறகு பட்டறையை நடத்திய பெண்கள், அந்த நாளில் இங்கிலாந்தில் சாய்சதுரக் கட்டத்துக்குள் தங்கள் எழுத்தைப் பொறிப்பார்களாம். அதைப் படித்ததிலிருந்து உங்களுக்கு வேறு நினைப்பே இல்லை.

"முந்திரி கேக் வடிவம்டி இது, நன்னா பாரு. ஒரு பொம்மனாட்டி பண்ணினது."

"வெறும் தேய்ஞ்ச சதுரம் மன்னி. மைசூர்பாகு."

இரண்டு வருஷம் இதே சண்டை. கடைசியில், சங்கீத சீசனுக்கு லண்டனிலிருந்து வரும் உங்கள் சிநேகிதியின் கணவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டோம். பழைய வெள்ளிச் சாமான் கடையில் வேலை பார்த்தவர் அவர். மார்கழிக்காக நீங்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

கார்த்திகையில் அண்ணாவுக்குச் சஷ்டியப்தபூர்த்தி வந்தது. என் பாதியையும் உங்களுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நம் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் பரிசில் சேர்த்தியே இல்லை. கால் தன்னால் மாடவீதிப் பாத்திரக்கடைப் பக்கம் போயிற்று. உங்கள் பெயரை எழுதிக் கொடுத்து, கண்ணுக்குப் படாத இடத்தில் சின்னதாக வெட்டச் சொன்னேன். கைப்பிடிக்குக் கீழே என்று நான் நினைத்தேன், வாயால் சொல்லவில்லை.

சாயங்காலம் போனபோது கடைக்காரர் பெருமையாக ஜக்கைக் கவிழ்த்துக் காட்டினார். "அடியில இன்னாமோ கீறலா கீதும்மா. மிஷின்ல குட்த்து நைசா எடுத்துட்டுத்தான் பேரு வெட்டினேன். பாருங்க, புச்சா கீது!"

அவரை என்னவென்று திட்டுவது? கூலியைக் கொடுத்துவிட்டு ஜக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டேன்.

விசேஷத்தன்று தட்டில் வைத்து நீட்டினேன். வழக்கம்போல நீங்கள் முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தீர்கள்.

"ஏண்டி, சிங்கம் எங்கே?"

சொன்னேன். உள்ளே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் போன் செய்தால் அண்ணாதான் எடுத்தார். உங்களை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன் மன்னி.

மார்கழியில் ஒருநாள் நீங்களே போன் செய்தீர்கள். லண்டன்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். வேலைப்பாடு உயர்ந்தது, ஆனால் யார் கை என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றாராம்.

"கேட்டியோ? பொம்மனாட்டி இல்லேன்னு அவராலயும் சொல்ல முடியலை. இனிமே ஒருத்தராலயும் முடியாது. நீ பண்ணின ஒரே நல்ல காரியம் இதுதான்." சொல்லிவிட்டு இரைந்து சிரித்தீர்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நீங்கள் போன பிறகு அண்ணா ஜக்கை என்னிடமே கொடுத்துவிட்டார். இப்போதெல்லாம் மாதம் முடிந்தாலும் அது எங்கேயும் போவதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி தினமும் காலையில் அதில்தான் காபிக்குப் பால். கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள்.

இன்று துடைத்து முடித்தபோது மருமகள் கையில் வாங்கிப் பார்த்தாள். "யாரும்மா பண்ணினது இது?"

இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்லி வந்தேன். இன்று, "ஒரு பொம்மனாட்டி" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

கவிழ்த்துக் காட்டினேன். உங்கள் பெயரை அவள் வாய்விட்டுப் படித்தாள்.