திரையை அணைத்துவிட்டு எழுதிய விமர்சனம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அங்கே நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் அப்படியே என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுவதுதான் என் வழக்கம். இந்த முறை தாவ முடியவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. பதறாதீர்கள் அக்கா, முழுக்கப் படியுங்கள். டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். நடுவில்தான் மறைக்கிறது, ஓரமெல்லாம் தெரிகிறது. நடப்பார், படி இறங்குவார், கடைக்குப் போய் வருவார். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது தெரியாது. எழுத்து தெரியாது, முகம் தெரியாது. போனது திரும்பாதாம். மிச்சத்தைக் காப்பாற்ற ஊசி போடுகிறார்கள். "அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மூச்சு விட்டாயிற்று. வருவது வரட்டும்.

மின்னஞ்சலில் எழுதாமல் ஏன் இப்படிப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இப்போது திரையில் இருப்பதையெல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி படிக்கிறது. அதில் ரகசியம் எழுதுவதும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். அந்தக் கூத்துக்கு வருகிறேன்.

அவர் வேலை உங்களுக்குத் தெரியும். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்காக வாரப் பத்திரிகையில் அந்த ஒரு பக்கம். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், வைரஸ் ஒழிக்கிற மென்பொருள் என்று எது சந்தைக்கு வந்தாலும் அது முதலில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். எந்தப் பெட்டியானாலும் முதலில் என் கையில்தான் கொடுப்பார். விளக்கப் புத்தகத்தைத் தரமாட்டார். நான் எங்கே முழிக்கிறேன், எந்த இடத்தில் அதைத் திட்டுகிறேன் என்பதுதான் அவருக்கு அளவுகோல். அதற்கு அப்புறம்தான் அவர் ஆட்டம். கீபோர்டு மேல் டீயை ஊற்றுவார், மவுஸை மேசையிலிருந்து தள்ளிவிடுவார், பிரிண்டருக்குக் கசங்கிய தாளாகக் கொடுத்து அது திணறுவதை ரசிப்பார். சலவைக் கடையில் பாதி நாள் நின்றுவிட்டு வந்து இந்த அமர்க்களத்தில் சோறு போட இடம் தேடுகிறவள் நான். எத்தனை சலித்துக்கொண்டாலும், அந்தப் பத்திரிகைப் பக்கம் கையைவிட்டுப் போனால் மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே காய்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். கண் போனதைவிட அந்தப் பயம்தான் அக்கா என்னைத் தின்றது.

எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன். கொஞ்ச காலமாகவே என் தோளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். சில நேரம் காதைப் பார்த்து. ஏதோ கோபம், முகம் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்து நானும் முறுக்கிக்கொண்டேன். "கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியல, இதைக் கொஞ்சம் படி" என்று கேட்டால், சட்டைப் பையிலேயே கண்ணாடி இருப்பதைப் பார்த்தும் கடுகடுவென்று படித்துக் காட்டுவேன். அடுத்தவர் வீட்டு வேட்டியில் கடுகளவு கறை இருந்தாலும் கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள், என் வீட்டு மனிதரிடம் கோட்டை விட்டேன்.

பிறகு அந்த மானிட்டர் வந்தது. பெரிய திரை. எனக்குக் கடையில் வேலை அதிகம் என்பதால் இந்த ஒரு தடவை அவரே பிரித்து, அவரே மாட்டி, விமர்சனமும் எழுதி அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்பப் பெட்டியில் வைக்கும்போதுதான் பார்க்கிறேன், திரை மேல் கம்பெனிக்காரன் ஒட்டிய பால்நிறப் பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கிறது! மூலையில் பிடித்து உரிக்கச் சொல்லிச் சிவப்புக் காது வேறு நீட்டிக்கொண்டிருக்கிறது. விமர்சனத்தின் பிரதியை எடுத்துப் படித்தேன். கண்ணைக் கூசாத மென்மையான திரை என்றும், எழுத்துகளின் ஓரங்கள் உறுத்தாமல் குழைவாகத் தெரிகின்றன என்றும், இந்த விலையில் இப்படி ஓர் இதம் கிடைப்பது அதிசயம் என்றும் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மானிட்டரை ஓட விட்டு, அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, தாளைச் சர்ரென்று உரித்தேன். திரை பளீரென்று எரிந்தது. நல்லா மாட்டிக்கிட்டீங்களா என்று கேட்கப்போனேன்.

அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டித் திரையைத் தடவிப் பார்த்தார். "உரிச்சிட்டியா? உரிச்ச பிறகும் எனக்கு அதே மாதிரிதான் இருக்கு" என்றார்.

அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி நான் நின்ற நிலையை எழுதத் தெரியவில்லை அக்கா. அன்று சாயங்காலமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அதற்கு முன்னால் பத்திரிகை ஆசிரியருக்கு ஃபோன் போட்டு, இவருக்குக் கடும் காய்ச்சல், மானிட்டர் கட்டுரையை நிறுத்திவையுங்கள், அதில் தப்பு இருக்கிறது என்று சொன்னேன். அந்த ஆசிரியரை நாங்கள் கத்திரி என்றுதான் சொல்வோம். யார் எழுதினாலும் பாதியை வெட்டிவிடுவார். அவர் அனுதாபமாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அப்படியானால் இந்த வாரப் பக்கத்துக்கு என்ன வழி என்று கேட்டார். கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் உங்கள் தம்பி மேசையை ஒழிக்க ஆரம்பித்தார். ஒயர்களைச் சுருட்டினார். "திரையே தெரியாதவன் திரையைப் பத்தி என்னத்த எழுதறது? ஊரை ஏமாத்தற வேலை. கத்திரிகிட்ட சொல்லிட்டு விலகிக்கறேன்" என்றார். நான் கெஞ்சினேன், கத்தினேன். அசையவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டதற்கு மட்டும் தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த பெட்டி வந்தது. கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள். விஷயம் கத்திரிக்குத் தெரியாது, தெரிந்து அனுப்பவில்லை. வரிசைப்படி வந்த பெட்டி, அவ்வளவுதான். அதன் பெயரைக் கேட்டதுமே இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் ஆள் நான்தானே, நானே போட்டுப் பார்க்கிறேன் என்று வீம்பாக உட்கார்ந்தேன். போட்டதும் அது வாயை மூடவில்லை. சுட்டி எதைத் தொட்டாலும் படிக்கிறது. "பட்டன், பட்டன், இணைப்பு, பெட்டி" என்று ஒரே பிதற்றல். நிறுத்த வழி தெரியவில்லை. எப்படி நிறுத்துவது என்று தேடலாமென்று தேடும் பெட்டிக்குள் போனேன். நான் முன்பு தேடியதெல்லாம் வரிசையாகக் கீழே வந்து நின்றது. அந்தப் பாவி அதையும் படித்தது. கூடத்தில் அவர் உட்கார்ந்திருக்க, "கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் என்ன காரணம்" என்று நிறுத்தி நிதானமாகப் படித்தது. அடுத்து, "கணவருக்கு மனைவியைப் பிடிக்காமல் போனதற்கான அறிகுறிகள்."

எனக்கு மானம் போயிற்று. ஒயரைப் பிடுங்கலாம் என்று மேசைக்கு அடியில் நுழைந்தேன். அதற்குள் அவர் எழுந்து வந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் முகம் கொஞ்சம் தெரியுமாம். "உன் முகம் தெரியலடி. அதான்" என்றார். நான் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு, மறு கையால் கீபோர்டைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அந்த மனிதரின் புத்தியே அப்படித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் அந்தக் குரல் சொல்வதை என்னைப் போலவே திணறிக் கேட்டார். இரண்டொரு நாளில் வேகத்தைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். இப்போது அது ஓடுகிற வேகத்தில் எனக்குக் காதில் விழுவது ஈ பறக்கிற சத்தம்தான், ஒரு சொல் பிடிபடாது. இவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, நடுவில் ஒரு வரியில் எழுத்துப்பிழை இருக்கிறது என்கிறார். நம்பாமல் போய்ப் பார்த்தேன். இருந்தது! எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது அக்கா. இந்தக் காது இத்தனை நாள் எங்கே இருந்தது? நான் கூப்பிட்டால் கேட்காத காதுதானே இது!

ஒரு நாள் கடையிலிருந்து வந்தால், கறுத்துக் கிடக்கிற திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மனம் உடைந்துபோய் இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, இப்படியே உட்கார்ந்திருந்தால் ஆயிற்றா என்று சத்தம் போட்டேன். காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினார். "கத்தாத, இப்பதான் ஒரு பத்தி முடிச்சேன். திரை எதுக்கு வெட்டியா எரியணும்னு அணைச்சிட்டேன்" என்றார். அணைத்த திரைக்கு உள்ளே கோப்பு திறந்து, கடிதம் படித்து, பதில் எழுதி, பக்கம் பக்கமாக வேலை நடந்துகொண்டிருக்கிறது! அடேயப்பா! நானும் கண்ணை மூடிக்கொண்டு முயன்று பார்த்தேன். ஒரு கோப்பைத் திறக்கப் போய்க் கடிகாரத்தின் நேரத்தை மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.

கீபோர்டின் நடு வரிசையில் இரண்டு பொத்தான்கள் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? விரல் தானாக இடத்தைக் கண்டுபிடிக்கத்தானாம் அது. என் விரலைப் பிடித்து அதில் வைத்துக் காட்டினார். "இத்தனை கீபோர்டு மேல டீ ஊத்தினேன், இந்த மேட்டை ஒரு தடவைகூட தொட்டுப் பாக்கல" என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லை. புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தார். பிறகு தான் முன்பு புகழ்ந்து எழுதிய மென்பொருள்களையெல்லாம் திரும்ப எடுத்துக் காதால் சோதித்தார். சிலதில் பெயரே வைக்காமல் விட்ட பொத்தான்கள். உதவி கேட்கிற இடத்தில் போய் அழுத்தினால் வெறும் "பட்டன்" என்கிறது. எதற்கான பட்டன் என்று சொல்வாரில்லை. அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே! "பாதிக் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு முழுசுக்கும் மார்க் போட்டிருக்கேன்" என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டார்.

அந்தக் கோபத்தோடுதான் விமர்சனத்தை எழுதினார். முதல் பத்தி முழுக்கத் தன் கண்ணைப் பற்றி. ஒளிக்காமல் எழுதிவிட்டார். அனுப்பிவிட்டு, "இதோட அனுதாபக் கடிதம் ஒண்ணு வரும், பக்கத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். பதில் வருகிறவரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான். கடையில் ஒரு வீட்டுத் தலையணை உறையை இன்னொரு வீட்டுப் பையில் வைத்துக் கொடுத்துப் பேச்சு வாங்கினேன்.

பதில் வந்தது. கம்ப்யூட்டர் ஈ பறக்கிற வேகத்தில் படித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் முகம் சிவப்பது மட்டும் தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன். பிறகு நானே திரையைப் போட்டுப் படித்தேன். கத்திரி எழுதியிருந்தார்: "கண் விஷயம் தெரிந்தது, மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் வாசகருக்கு மென்பொருள் எப்படி என்பது இரண்டாவது வரியிலேயே தெரிய வேண்டும். முதல் பத்தியை வெட்டிவிட்டேன். விலை போட மறந்திருக்கிறீர்கள். அடுத்த பெட்டி, பிரிண்டர், கிளம்பிவிட்டது."

உங்கள் தம்பி ஃபோனை எடுத்தார். "என் முதல் பத்தி மேல கை வைக்க நீங்க யாரு" என்று ஆரம்பித்தார் பாருங்கள், அக்கம்பக்கத்து ஜன்னல்களெல்லாம் திறந்துகொண்டன. அந்தப் பக்கம் கத்திரியும் விடவில்லை போலிருக்கிறது. இடம் கிடையாது, நீளம் அதிகம், அழுகை வேண்டாம் என்று ஏதேதோ வாதம். நான் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமான சண்டையை என் ஆயுளில் கேட்டதில்லை. கல் நெஞ்சு என்று சொன்னேனே, அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும். கடைசியில் ஒரே ஒரு வரிக்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அதுவும் முதலில் கிடையாது, முடிவில். "இந்த விமர்சனம் திரையை அணைத்துவிட்டு எழுதப்பட்டது." ஃபோனை வைத்துவிட்டு, மூச்சு வாங்க, பசிக்கிறது என்றார்.

அக்கா, அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். நேற்று சோறு போடும்போது, அக்காவுக்கு ஏன் சொல்லக்கூடாது என்று மெதுவாகக் கேட்டேன். தட்டில் சோற்றைப் பிசைந்தார். "அவளுக்குத் தெரிஞ்சா அப்புறம் என்கூட சண்டை போடமாட்டா" என்றார்.

அதனால் ஒரு வேண்டுகோள். இப்போதே அழுது முடித்துவிடுங்கள். எத்தனை நாள் ஆனாலும் சரி, முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள். அந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு தப்பைக் கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று சொல்லுங்கள். "என்னடா எழுதியிருக்க" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்து, அவர் கத்துகிறவரை விடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்,
உங்கள் தம்பி பெண்டாட்டி